மேஸ்திரி முட்டினால் எழுந்து போகவும்

விழுப்புரம்
9.6.2025

சித்ரா அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் நாய் கூடாது என்று அம்மா சொன்னதால்தான் மேஸ்திரியை உங்களிடம் விட்டேன். அவனைக் கொண்டுவந்து இறக்கிய என் வீட்டுக்காரர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

அவனைத் தோட்டத்துப் பக்கம் கட்டக் கூடாது. ஆள் இருக்கும் அறையில்தான் படுப்பான். அவன் வந்து உங்கள் முழங்காலில் முட்டினால் திட்டக் கூடாது. கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து அவனோடு போக வேண்டும். எதற்கு என்று என்னைக் கேட்க வேண்டாம். அவனை யார் வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது, என் வீட்டுக்காரரே வந்தாலும்.

எனக்குப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். வாட்ஸப்பில் பேசி அனுப்புவதும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு கடிதமாவது வர வேண்டும். வராவிட்டால் அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
பா. தமிழ்மணி


திண்டிவனம்
15.6.2025

அன்புள்ள தமிழ்மணி அக்காவுக்கு,

நான் சித்ராவின் மகள் இளவரசி, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இங்கே அம்மாவும் நானும் மேஸ்திரியும் சுகம். உங்களுக்குக் கால் வீக்கம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாததால் இனி நான்தான் எழுதுவேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இன்னாடி இது, நாய்க்கா கலெக்டருக்கா?" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நாய் விட்டுப்போகிற எல்லோரையும் அம்மா அப்படித்தான் சொல்வார். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் பெருக்கித் துடைத்தவர். அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்து, ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை நான்கு வருடமாக எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். எங்களிடம் இருந்து எந்த நாயும் இளைத்துப் போனதில்லை.

பெயர்க் காரணத்தை உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். நீங்கள் வீடு கட்டும்போது எங்கிருந்தோ வந்து, மணல் குவியல் மேல் உட்கார்ந்து, வேலை முடியும்வரை எல்லோரையும் கண்காணித்தானாம். இங்கேயும் அப்படித்தான் இருக்கிறான். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது எதிரே உட்கார்ந்து பேனாவையே பார்க்கிறான்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். பால்காரர் வந்து கேட்டில் மணி அடித்தால் மற்ற நாய்கள் கேட்டுக்கு ஓடிக் குரைக்கும். மேஸ்திரி குரைக்காமல் சமையலறைக்குப் போய் அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் மூக்கால் முட்டுகிறான். வியாழக்கிழமை அம்மா ரசம் இறக்கும்போது முட்டிவிட்டான். பாதி ரசம் தரையில். அம்மா திட்டிவிட்டார். உங்கள் விதியை நாங்கள் மீறிவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
சி. இளவரசி


விழுப்புரம்
22.6.2025

இளவரசிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகம்தான். உண்மையை எழுதியதற்கு நன்றி.

ரசம் போனால் போகிறது. அவனைத் திட்டக் கூடாது. இதை அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டு.

தமிழ்மணி


திண்டிவனம்
13.7.2025

அன்புள்ள தமிழ்மணி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இரண்டு நாள் மழை பெய்து புழுக்கம் குறைந்திருக்கிறது. அங்கே எப்படி? நீங்கள் இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார்.

அக்கா, மேஸ்திரியைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு ரஃப் நோட்டில் அவன் எப்போதெல்லாம் முட்டுகிறான் என்று குறித்துவருகிறேன். குக்கர் விசில் அடித்தால் முட்டுகிறான். போன் மணி, பால்காரர் மணி, கதவைத் தட்டும் சத்தம், குழாயில் தண்ணீர் வந்து குடம் வழியும் சத்தம், எல்லாவற்றுக்கும் முட்டுகிறான். முட்டிவிட்டு அங்கே ஓடி, நாம் வருகிறோமா என்று திரும்பிப் பார்க்கிறான். ஆனால் தெருவில் பஸ் ஹாரன் அடித்தாலும் கோயில் ஸ்பீக்கர் போட்டாலும் அசைவதே இல்லை. எது வீட்டுக்கு வேண்டிய சத்தம், எது வேண்டாத சத்தம் என்று அவனுக்கு யார் பிரித்துச் சொன்னது?

சோதனை ஒன்று செய்தேன். அம்மாவின் போனை உள் அறையில் மூன்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு பவானி அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். வாசலில் இருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் காதுகள் மட்டும் தனித்தனியாகத் திரும்பின. ஒன்று உள்ளே, ஒன்று என் பக்கம். பிறகு எழுந்து வந்து முட்டினான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் இருக்கும் அதே அறையில் இன்னொரு பெரிய அறை இருப்பது போலவும், அதில் அவன் மட்டும் நடமாடுவது போலவும் தோன்றியது.

அம்மாவுக்கு இதில் பெருமை இல்லை. "எனக்குத்தான் காது கீதே, இவன் இன்னாத்துக்கு வந்து சொல்லிக்கினு கீறான்?" என்கிறார். அவன் வந்தால் "கேட்டுச்சு, போ" என்று திருப்பி அனுப்புகிறார். திட்டுவதில்லை.

நீங்கள் இவனுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. கேட்கக் கூடாது என்றால் விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
இளவரசி


திண்டிவனம்
3.8.2025

அன்புள்ள தமிழ்மணி அக்காவுக்கு,

நான் எழுதி மூன்று வாரமாகியும் உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் என்று அம்மா சொல்கிறார். நல்லபடியாகப் பிரசவம் ஆகியிருக்க வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்களுக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. மேஸ்திரி முட்டுவதை நிறுத்திவிட்டான். ஒன்பது நாளாக ஒரு முறைகூட இல்லை. விசில் வந்தால் காது மட்டும் திரும்புகிறது, பிறகு கண்ணை மூடிக்கொள்கிறான். இவ்வளவு பிடிவாதமான பழக்கத்தை அடிக்காமல், கட்டாமல் மாற்றியது அம்மாவின் சாமர்த்தியம். குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது அவன் வந்து முட்டினால் ஆபத்து அல்லவா? இனி அந்தக் கவலை இல்லை.

எனக்குத்தான் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

அன்புடன்,
இளவரசி


விழுப்புரம்
19.8.2025

அன்புள்ள இளவரசிக்கு,

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். உட்கார்ந்து எழுத இப்போதுதான் முடிந்தது.

உன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் படித்தேன். அவன் நிஜமாகவே முட்டுவதில்லையா? நீ தனியாக இருக்கும்போது பார்த்தாயா? போன் அடிக்கவிட்டு நீ எழாமல் உட்கார்ந்தால்கூட வரவில்லையா? தயவுசெய்து பார்த்து எழுது. உன் அம்மாவிடம் இனி அவனைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கார்த்திகையில் நான் என் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் வீடு கொல்லைகளுக்கு நடுவே தனியாக இருக்கிறது. காலையில் வீட்டுக்காரர் டாடா ஏஸ் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மாமியார் மல்லாட்டைக் கொல்லைக்கு, கடலைச் செடிக்குக் களையெடுக்கப் போய்விடுவார். குழந்தையும் நானும் மட்டும்தான் இருப்போம். அவன் முட்டாவிட்டால் குழந்தை

மேலே பாதியில் நின்ற வரியைப் படிக்காதே. வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன்.

தமிழ்மணி


திண்டிவனம்
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா பிறந்த செய்தி கேட்டு அம்மா தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். நீங்கள் பூண்டு நிறையச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். பாப்பாவுக்கு என் முத்தம்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். தனியாக இருந்து பார்த்தேன். போன் ஓயும்வரை எழாமல் இருந்தேன். அவன் வரவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

அந்த வரியைப் படிக்க வேண்டாம் என்றீர்கள். கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு உங்கள் கடிதங்களை முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். போன் வேண்டாம், பேசி அனுப்ப வேண்டாம், கடிதம் மட்டும் வேண்டும். அவன் முட்டினால் எழுந்து போக வேண்டும். ரஃப் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா, நான் நினைப்பது சரியா என்று கேட்கவில்லை. நீங்கள் பதில் எழுத வேண்டாம். யாரிடமும், அம்மாவிடமும்கூட, ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவன் செய்துகொண்டிருந்தது என்ன என்று இப்போது தெரிகிறது. அதை நாங்கள் ஒரு கெட்ட பழக்கம் என்று நினைத்துப் பெருமையாக மறக்கடித்தோம். என்னை மன்னித்துவிடுங்கள். எப்படியாவது மறுபடியும் பழக்கிவிடுகிறேன்.

உங்கள் தங்கை,
இளவரசி


விழுப்புரம்
7.9.2025

அன்புள்ள தங்கை இளவரசிக்கு,

நானும் குழந்தையும் சுகம். அவள் ராத்திரியில் அழுதால் அம்மா எழுந்து தூக்கிக் கொடுத்துவிடுகிறார். நான் அசந்து தூங்குவதாக நினைத்துக்கொள்கிறார்.

நீ நினைத்தது சரி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இப்போது எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். முதுகுக்குப் பின்னால் எதுவும் இல்லை. கல்யாணமாகி எட்டு மாதத்தில் இப்படி ஆனதை யாரிடம் சொல்வது? எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணை இதற்காகவே அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

மேஸ்திரிக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் உலையில் சோறு வைத்துவிட்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து முட்டினான். தள்ளிவிட்டேன். மறுபடியும் முட்டினான். கோபத்தோடு எழுந்து போனால் வாசலில் மாமியார் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு அவனுக்கு ஒரு துண்டு கருவாடு கொடுத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு சத்தமாக அவனே சேர்த்துக்கொண்டான். எனக்குக் காது போகப் போக அவனுக்கு வேலை கூடிக்கொண்டே வந்தது.

என் மாமியார் அவனை அனந்தபுரத்தில் இருக்கும் பச்சைமுத்து மாமா கொல்லைக்குக் காவலுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். குழந்தைக்கு நாய் முடி ஆகாதாம். அவன் இல்லாமல் நான் அந்த வீட்டில் குழந்தையோடு இருக்க முடியாது, இளவரசி. அதையும் சொல்ல முடியாது.

உன்னை மட்டும்தான் நம்பியிருக்கிறேன்.

தமிழ்மணி அக்கா


திண்டிவனம்
12.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். பாப்பா இப்போது முகம் பார்த்துச் சிரிப்பாள் என்று பவானி அக்கா சொல்கிறார். உண்மையா?

காலாண்டு விடுமுறை முழுவதும் மேஸ்திரிக்காகவே செலவழித்தேன். கருவாடு வாங்கிவைத்து, குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அவனைக் கூட்டிக்கொண்டு அடுப்புக்குப் போனேன். அவன் கருவாட்டை மரியாதையாக வாங்கிச் சாப்பிட்டான். அவ்வளவுதான். என் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பார்த்தேன். அவன் என் முகத்தை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். என்னால் அவனை ஏமாற்ற முடியவில்லை.

பவானி அக்காவின் குழந்தை நான்கு மாதம். அது அழும் நேரம் பார்த்து மேஸ்திரியை அங்கே கூட்டிப்போனேன். அது அழுததும் அவன் சட்டென்று எழுந்து நின்றான். காதுகள் முன்னால் வந்தன. அறையில் இருந்த ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தான். பவானி அக்கா தூக்கினார். அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். அவன் எதையோ தேடினான், அக்கா. அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பார்வையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். "பப்ளிக் எக்ஸாம் நாய்க்கா உனக்கா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

உங்களிடம் பொய் எழுத முடியாது. இதுவரை அவன் ஒரு முறைகூட முட்டவில்லை. இன்னும் முயற்சி செய்கிறேன்.

இளவரசி


திண்டிவனம்
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாப்பாவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை என்மேல் கோபப்படாதீர்கள்.

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் பார்த்திபன் அண்ணன் டாடா ஏஸோடு வந்தார். மேஸ்திரியை அனந்தபுரத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். மேஸ்திரி அவரைப் பார்த்து வட்டமடித்துக் குதித்தான். அம்மாவுக்குக் காரணம் தெரியாது அல்லவா, உங்கள் விதியை மறந்து "அவர் நாய்தானே" என்று கயிற்றை எடுத்துவந்துவிட்டார். நான் கேட்டைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றேன்.

அக்காவைக் கேட்காமல் தர முடியாது என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போன் போட்டார். உங்கள் அம்மாதான் எடுத்தார்கள், நீங்கள் குளிக்கிறீர்கள் என்று சொன்னார்கள் போலிருக்கிறது. "எப்ப போட்டாலும் இதே கததான். அவ எங்கிட்டப் பேச மாட்டா" என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்: "நேர்ல போய்க் கேளுங்கண்ணே. முகத்துக்கு நேரா நின்னு கேளுங்க."

"ஏம்மா அப்டி சொல்ற?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். மேஸ்திரி ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்களுக்குச் சொல்வது போல் இல்லாமல், தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நான் பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்பவே மாட்டா. எங்கம்மா திமிருன்னு சொல்லும். நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். மூணு வருஷம்."

பிறகு கீழே இறங்கி மேஸ்திரியை எங்கள் பக்கம் இறக்கிவிட்டார். "இவன் இங்கயே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அனந்தபுரம் பக்கம் போகவில்லை. விழுப்புரம் ரோட்டில் போனார்.

அவர் போன பிறகு அம்மா என்னிடம், "அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்று மெல்லக் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

நான் வாக்கை மீறிவிட்டேனா, அக்கா? நீங்கள் மீறிவிட்டாய் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இளவரசி


ஒலக்கூர்
7.12.2025

என் அன்புத் தங்கைக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். குழந்தை பக்கத்தில் தூங்குகிறாள். உனக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். மேஸ்திரியை அழைத்துவர நானே வந்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். உனக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், நல்ல முடிவாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

அன்றைக்கு அவர் விழுப்புரம் வந்து என் எதிரே நின்றார். வார்த்தை வார்த்தையாக, "உனக்குக் கேக்கலயா?" என்றார். நான் தலையாட்டினேன். ஏன் சொல்லவில்லை என்றார். சொன்னால் இங்கேயே விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் அசைந்ததைப் பார்த்தேன். ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தது. பிறகு நினைவு வந்தவர்போலச் சுற்றி வந்து என் முகத்துக்கு எதிரே நின்று, முழுவதையும் மறுபடியும் சொன்னார். அது என்ன என்பதை எனக்கே வைத்துக்கொள்கிறேன்.

மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அப்ப மூணு வருசமா நான் வைஞ்சது எதுவுமே உனக்குக் கேக்கலியாடி?" என்றார். ஏமாந்துபோன முகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் காதைக் காட்டப் போகிறோம்.

மேஸ்திரி வந்த நாள், என் வீட்டுக்காரர் அவனைச் சோதித்துப் பார்க்க குக்கரை வைத்து விசில் வரவிட்டார். நான் கூடத்தில், அவர் அடுப்புப் பக்கத்தில். அவன் படுத்த இடத்திலிருந்து எழவில்லை. நீ எழுதியது அத்தனையும் சரியாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி அவன் முட்டாவிட்டால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இளவரசி, காலையில் எல்லோரும் போன பிறகு குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கக்கூடப் போக எனக்குத் தைரியம் இல்லை. நான்கு நாள் தூளியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மாமியார் கொல்லைக்குப் போகவில்லை. கால்வலி என்று தூளிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். அவர் இருக்கிறாரே என்று நான் பின்பக்கம் துணி துவைக்கப் போனேன். குழந்தை எழுந்து அழுதிருக்கிறாள். மேஸ்திரி இன்னா பண்றான் பார்க்கலாம் என்று மாமியார் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். அவன் எழுந்து தூளிக்கு வந்தானாம். மாமியாரின் முகத்துக்கு அருகே குனிந்து பார்த்தானாம். அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே போனானாம்.

துணிக்கல்லில் குனிந்திருந்த எனக்கு முழங்காலுக்குப் பின்னால் அந்த ஈர மூக்கு பட்டது. சோப்புக் கையோடு ஓடினேன்.

உள்ளே மாமியார் எழுந்து உட்கார்ந்து, அழுகிற குழந்தையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையைத் தூக்கியதும், நான் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பி, மெதுவாகச் சொன்னார்: "என்னை அவன் தொடவேயில்லடி. எனக்குக் கேக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிக்கீது."

நீங்கள் இருவரும் எதையும் மறக்கடிக்கவில்லை. உங்கள் வீட்டில் வந்து ஒன்றரை மாதம் பார்த்திருக்கிறான். அங்கே எல்லோருக்கும் கேட்கிறது என்று தெரிந்ததும் நிறுத்தியிருக்கிறான். இங்கே குக்கர் பக்கத்திலேயே என் வீட்டுக்காரர் நின்றதால்தான் அன்றைக்கு எழவில்லை. பவானி வீட்டில் அவன் ஒவ்வொரு முகமாகத் தேடினான் என்று எழுதினாயே. குழந்தை அழுவது யாருக்குக் கேட்கவில்லை என்று தேடியிருக்கிறான்.

உன் ரஃப் நோட்டில் இதையும் எழுதிக்கொள். சனிக்கிழமை அம்மாவோடு வா. குழந்தையை உன் மடியில் போடுகிறேன்.

என்றும் உன்,
தமிழ்மணி அக்கா